‘தளத்துக்கு வெளியே வாருங்கள்’: ஒரு பழைய அழைப்பின் வரலாறு

“உங்கள் மொழிபெயர்ப்பு மாதிரி எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இந்தத் தளத்துக்கு எதற்கு வீணாகக் கமிஷன்? டெலிகிராமுக்கு வாருங்கள், நேரடியாகப் பேசிக்கொள்வோம்.”

இணையத் தளங்கள் வழியே மொழிபெயர்ப்பு, ஒலிப்பதிவை எழுத்தாக்கல், தட்டச்சு, வடிவமைப்பு முதலிய பணிகளைச் செய்வோரில் இவ்வழைப்பின் ஏதேனும் ஒரு வடிவத்தைக் காணாதவர் அரிது. உதவித்தொகை தாமதமாகும் மாதங்களில் இத்தகைய பணிகளை நம்பியே மெஸ் கட்டணம் செலுத்தும் ஆய்வு மாணவர்கள் பலரை நான் அறிவேன். இரண்டாயிரம் ரூபாய் ‘வைப்புத்தொகை’ கட்டி ஏமாந்தவருக்கு அது ஒரு மாத உணவு. எனவே இதனைப் பேராசைக்காரர்க்கு நேரும் கதையாக ஒதுக்கிவிட இயலாது.

இவ்வழைப்பைக் கணினி யுகத்தின் கண்டுபிடிப்பாகவே நாம் பெரும்பாலும் கருதுகிறோம். அதன் கருவிகள் புதியவை. அமைப்பு மிகப் பழையது. முன்பின் அறியாத இருவர் கொடுக்கல் வாங்கல் செய்யும்போது எது அவர்களைக் காக்கிறது என்ற கேள்விக்கு இந்தியச் சட்டநூல்களும் வணிக மரபுகளும் நெடுங்காலமாக விடை தேடியுள்ளன. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், மோசடியாளர் எதை அகற்ற முயல்கிறார் என்பது தெளிவாகும்.

முதலில் இடம். மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஆர். சாமசாஸ்திரி 1905இல் கண்டெடுத்து, 1909இல் பதிப்பித்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், நீதிமன்ற நடைமுறையைப் பேசும் மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே செல்லாத ஒப்பந்தங்கள் எவை எனப் பட்டியலிடுகிறது. மறைவில் செய்தவை, வீட்டின் உட்புறத்தே செய்தவை, இரவில் செய்தவை, காட்டில் செய்தவை, வஞ்சகமாகச் செய்தவை, தனிமையில் இரகசியமாகச் செய்தவை ஆகியன அவை. ஆறனுள் ஒன்று மட்டுமே வஞ்சகம். மற்ற ஐந்தும் ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை ஆராயவேயில்லை. அது நிகழ்ந்த இடத்தையும் வேளையையும் மட்டுமே பார்க்கின்றன. பிறர் கண்ணுக்குப் படாத இடத்தில் நிகழ்ந்தது என்பதே ஐயத்துக்குப் போதுமான காரணம் என அந்நூல் கொள்கிறது.

அதையொட்டி வரும் விதி இன்னும் கூர்மையானது. இத்தகைய ஒப்பந்தத்தைச் செய்தவருக்கும் செய்வித்தவருக்கும் தண்டம் உண்டு. சாட்சியாக நின்றவருக்கு அதில் பாதி. நல்லெண்ணத்தோடு நம்பி ஈடுபட்டவர் நிலை என்ன? அவருக்குத் தண்டம் இல்லை. ஆனால் அவர் பொருள் போனது போனதுதான். இன்றைய பணித்தளம் ஒன்றின் உதவிப் பிரிவுக்குச் சென்று, ‘வெளியே வாட்ஸப்பில் பேசி வேலை செய்தேன், பணம் வரவில்லை’ என முறையிடுபவர் ஏறக்குறைய இதே விடையைத்தான் பெறுகிறார். அவர் குற்றவாளி அல்லர். ஆயினும் காப்பு எல்லைக்கு வெளியே நின்றவர்.

விதிவிலக்குகளும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. வெளியே வராத பெண்டிரும் நோயுற்றோரும் வீட்டுக்குள் செய்துகொள்ளும் சில ஏற்பாடுகள் செல்லும். முன்னிரவில் தொழில் நடத்துவோரின் ஒப்பந்தங்கள் இரவிலும் செல்லும். காட்டு வழியே செல்லும் வணிகச் சாத்தினர்க்கும் ஆயர்க்கும் காட்டிலே செய்த ஒப்பந்தமும் செல்லும். அவரவர் வாழ்க்கை இயல்பாக நிகழும் இடம் எதுவோ, அது அவர்க்கு மறைவிடமாகாது என்பதே இதன் உட்கருத்து. இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது, பணம் செல்லும் திசை. ஒப்பந்தத்தை உறுதிப்படுத்த முன்கூட்டிக் கொடுக்கும் தொகைக்குச் சமஸ்கிருத நூல்கள் ‘சத்யங்காரம்’ என்று பெயரிடுகின்றன. ‘மெய்யாக்குவது’ என்பது அதன் பொருள். அவ்வாறு பெற்றுக்கொண்டு பின்வாங்குபவர் அதனை இருமடங்காகத் திருப்பித் தரவேண்டும் என்பது யாக்ஞவல்க்ய ஸ்மிருதியின் விதி. தமிழில் நாம் ‘அச்சாரம்’ என்கிறோம். நாதசுரக் குழுவுக்கும் சமையற்காரருக்கும் கல்யாண வீட்டார் அச்சாரம் கொடுப்பர். சமையற்காரர் கல்யாண வீட்டாருக்குக் கொடுப்பதில்லை. வேலை வாங்குபவரிடமிருந்து வேலை செய்பவரை நோக்கிச் செல்வதே அச்சாரத்தின் திசை. வேலை செய்பவர் தம் உழைப்பை முன்னதாக ஈடுவைக்கிறார். அதற்கு எதிரீடாகவே அத்தொகை.

‘பதிவுக் கட்டணம்’, ‘திருப்பித் தரப்படும் பாதுகாப்பு வைப்பு’, ‘மென்பொருள் உரிமம்’, ‘உங்கள் ஊதியத்தை விடுவிப்பதற்கான வரி’ என்று எத்தனை பெயர் சூட்டினாலும், மோசடியாளர் செய்வது இத்திசையைத் திருப்பிவிடுவதே. பெயர்கள் மாறும், அம்புக்குறி மாறாது. எனவே அவர் சொல்லும் காரணம் நம்பத்தக்கதா என்று வாதிட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. திசை ஒன்றைப் பார்த்தாலே போதும்.

மூன்றாவது, ஆள் யார் என்பது. வட இந்திய வணிகர் வளர்த்தெடுத்து நாடு முழுதும் வழங்கிய உண்டி என்னும் பணமாற்றுச் சீட்டு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கோயிலில் காணிக்கை இடும் ‘உண்டியல்’ என்ற சொல் பழைய வழக்கில் இச்சீட்டையும் குறித்தது. கண்டவுடன் பணம் தரவேண்டிய ‘தர்சனி’ உண்டியும், தவணை கழிந்தபின் தரவேண்டிய ‘முத்தாதி’ உண்டியும் இருந்தன. அவற்றோடு ‘ஷாஜோக்’ என்ற ஒரு வகையும் வழங்கியது. சீட்டைக் கையில் வைத்திருக்கும் எவரும் அதற்குப் பணம் பெற இயலாது. கடைத்தெருவில் நற்பெயர் பெற்ற ‘ஷா’ ஒருவர் வழியாகவே பெறவேண்டும். சீட்டு களவு போனாலும் திருடனுக்குப் பயன்படாது. பயன்பட்டாலும் யார் கைவழிச் சென்றது எனத் தடம் பிடிக்கலாம். ‘நான் இன்னார்’ என்று ஒருவர் தம் வாயால் சொல்லிக்கொள்வதற்கு அம்முறையில் மதிப்பில்லை. ஊரறிந்த மற்றொருவர் சொல்லவேண்டும். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் இந்திய மொழிகளில் எழுதப்பட்ட இத்தகைய சீட்டுகளின் உள்ளூர் வழக்காற்றைக் கலைக்காமல் விட்டுவைத்தது.

இங்கே தரகரைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தியில் வழங்கும் ‘தலால்’ அரபு மொழியிலிருந்து வந்தது. அதன் வேர் ‘வழி காட்டுதல்’ என்னும் பொருளுடையது. அயலூர் வணிகருக்குச் சந்தையைக் காட்டி, விலை பேசி, இரு தரப்புக்கும் சாட்சியாக நின்றவர் அவர். மாட்டுச் சந்தைகளில் துண்டின் மறைவில் விரல்களைத் தொட்டு விலை பேசும் வழக்கம் நம்மூரிலும் உண்டு. அங்கே மறைக்கப்படுவது விலை மட்டுமே. பேரம் நிகழ்வது சந்தையின் நடுவில், பலர் பார்த்திருக்க. யார் யாரிடம் மாடு வாங்கினார் என்பது பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். இரகசியமும் வெளிப்படைத்தன்மையும் எங்கெங்கே இருக்கவேண்டும் என்பதை அந்தத் துண்டு நன்றாக அறிந்திருந்தது.

ஆயினும் ‘தலால்’ என்பது இந்தியில் வசைச்சொல். தமிழில் ‘புரோக்கர்’ என்ற சொல்லின் நிலையும் அதுவே. தம்மைக் காத்த இடையாளையே சமூகங்கள் இழித்துப் பேசியதற்குக் காரணம் உண்டு: அவர் தரகு வாங்கினார், பல வேளைகளில் அளவுக்கு மீறி வாங்கினார். இந்த நியாயமான மனக்குறையே மோசடியாளர் கைக்கொள்ளும் முதல் கருவி. ‘கமிஷன் எதற்கு வீணாக?’ என்ற கேள்வி நம் உள்ளத்தில் ஏற்கெனவே இருப்பது. அவர் அதனை நமக்காகச் சொல்லித் தருகிறார்; உடனே அவர் நம் பக்கத்து ஆளாகத் தோன்றுகிறார்.

அக்குறை பொய்யன்று. ஃபைவர் தளம் பணியாளரின் வருவாயில் 20 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது; 10,000 ரூபாய்க்கு வேலை செய்தால் 2,000 ரூபாய் போய்விடும். அப்வொர்க் தளத்தில் அறிமுகமான வாடிக்கையாளரோடு இரண்டு ஆண்டுகள் வரை தளத்தின் வழியாகவே பணம் பெறவேண்டும். முன்னரே வெளியேற விரும்பினால் தனிக் கட்டணம் செலுத்தவேண்டும். இவ்விதிகள் தளத்தின் இலாபத்தையும் காக்கின்றன என்பதில் ஐயமில்லை. அவ்வாறாயின் இடையாளை நீக்கிவிட்டால் உழைப்பவருக்கு நன்மைதானே?

இக்கேள்விக்கு வங்காள நெசவாளர் வரலாற்றில் ஒரு விடை கிடைக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே ‘தாத்னி’ வணிகர் வழியாகத் துணி வாங்கி வந்தது. ‘தாதன்’ என்றால் பாரசீகத்தில் கொடுத்தல். கம்பெனி கொடுத்த முன்பணத்தை அவ்வணிகர் நெசவாளரிடம் சேர்ப்பித்துத் துணியைப் பெற்றுத் தந்தனர். 1753இல் கம்பெனி இவ்வணிகரை விலக்கிவிட்டுத் தன் முகவர்களான குமாஸ்தாக்கள் மூலம் நெசவாளரோடு நேரடியாகத் தொடர்புகொள்ளத் தொடங்கியது. இன்று நமக்கு எழுத்தராக மட்டுமே தெரியும் ‘குமாஸ்தா’ அன்று அதிகாரம் மிக்க ஆள். 1757க்குப் பின்னர் இன்னும் கூடுதலாக. கம்பெனியில் பணியாற்றி அதனோடு முரண்பட்டு வெளியேறிய வில்லியம் போல்ட்ஸ் 1772இல் வெளியிட்ட நூலில், முன்பணம் நெசவாளர்மேல் வலிந்து திணிக்கப்பட்டதையும், குமாஸ்தாவின் ஏட்டில் பெயர் ஏறியவர் வேறெவர்க்கும் நெய்யக்கூடாது எனத் தடுக்கப்பட்டதையும், அவர்களுக்குக் கிடைத்த விலை திறந்த சந்தை விலையைவிடக் குறைந்தது 15 விழுக்காடும் சில இடங்களில் 40 விழுக்காடும் தாழ்ந்திருந்ததையும் எழுதினார். போல்ட்ஸுக்குக் கம்பெனிமேல் பகை இருந்தது என்பதை நினைவிற்கொண்டே இதனைப் படிக்கவேண்டும். ஆயினும் அவர் காட்டும் போக்கைப் பிற்கால ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. தென்னிந்திய நெசவாளரைப் பற்றி 2001இல் நூல் வெளியிட்ட பிரசன்னன் பார்த்தசாரதி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை பெற்றிருந்தனர் என்றும், கம்பெனி ஆட்சி வலுத்தபோது அவ்வுரிமை பறிபோனது என்றும் காட்டுகிறார்.

கம்பெனி செய்தது ஆட்சிபலத்தின் அடக்குமுறை. டெலிகிராம் ஆசாமி செய்வது சில்லறைத் திருட்டு. இரண்டையும் ஒன்றாக்குவது என் நோக்கமன்று. ஆனால் இரண்டிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. இடையாள் விலகியபோது தரகு உழைப்பவரின் பையில் விழவில்லை. வலியவரோடு தனியே விடப்பட்ட எளியவருக்கு முறையிடும் இடமே இல்லாமற்போனது.

‘ஃப்ரீலான்ஸ்’ என்ற சொல்லே இதனை நினைவூட்டுகிறது. வால்ட்டர் ஸ்காட் 1819 இறுதியில் வெளியிட்ட ‘ஐவன்ஹோ’ நாவலில் அது எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத கூலிப்படை ஈட்டி வீரரைக் குறித்தது. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாதவரைக் காக்கும் கடமையும் எந்தப் பிரபுவுக்கும் இல்லை. அக்காப்பை வேறெங்கிருந்தேனும் பெறவேண்டும்.

இந்தியத் தபால்துறை 1877இல் தொடங்கிய வி.பி.பி. முறை அத்தகைய காப்புகளுள் ஒன்று. நூலை அனுப்புபவர் வாங்குபவரை அறியார். வாங்குபவர் அனுப்புபவரை அறியார். தபால்காரர் பணத்தைப் பெற்றுக்கொண்டே பொட்டலத்தைக் கையில் தருவார். இன்றைய பணித்தளங்களின் ‘எஸ்க்ரோ’ ஏற்பாடு இதன் உறவினரே. வாடிக்கையாளர் முதலில் பணத்தைத் தளத்திடம் ஒப்படைக்கிறார். வேலை முடிந்தபின் அது பணியாளருக்குப் போகிறது. எஸ்க்ரோ என்ற சொல் பழைய பிரெஞ்சில் தோல்சுருள் ஆவணத்தைக் குறித்தது. நிபந்தனை நிறைவேறும் வரை மூன்றாமவர் கையில் ஒப்படைத்து வைக்கப்படும் பத்திரம் என்பது சட்டவழக்கில் அதன் பொருளாயிற்று. நாம் கொடுக்கும் கமிஷன் பெருமளவு இந்த மூன்றாமவருக்கான கூலி. அது மிகுதியா என்று வாதிடலாம். எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை மறந்துவிடலாகாது.

நான்காவது, இரகசியமும் காலமும். ஆக்ராவில் 1641இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் செய்யுளாக எழுதிய சமண வணிகர் பனாரசிதாசர், தம் இளமையில் ஏமாந்த கதையொன்றை அதில் மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறார். சன்னியாசி ஒருவர் அவருக்கு மந்திரம் ஒன்றைத் தருகிறார். ஓராண்டு அதனைக் கழிப்பறையில் அமர்ந்து இரகசியமாக ஓதவேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது, அதன்பின் நாள்தோறும் வாசலில் ஒரு பொற்காசு கிடைக்கும். ஓராண்டு முடிந்தது, காசு வரவில்லை. அந்த நிபந்தனையின் பயனைக் கவனியுங்கள். யாரிடமாவது சொல்லியிருந்தால் முதல் நாளே அவர் சிரித்திருப்பார். ஏமாற்று வெளிப்படும்போது சன்னியாசி எந்த ஊரில் இருப்பார் என்று எவரும் அறியார். கேட்பாரின்மையும் கால இடைவெளியும் சேர்ந்தே அம்மோசடியைத் தாங்கின. இன்று காலத்தைச் சுருக்குகின்றனர்: ‘பத்து நிமிடத்துக்குள் கட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்’ என்பர். நீட்டினாலும் சுருக்கினாலும் நோக்கம் ஒன்றே. நீங்கள் இன்னொருவரிடம் கேட்டுவிடக்கூடாது.

இவ்வரலாற்றிலிருந்து நான்கு கேள்விகள் பிறக்கின்றன. அறிமுகமற்ற வாடிக்கையாளர் எவரிடமும் இவற்றைப் பொருத்திப் பார்க்கலாம்.

எங்கே நடக்கிறது? வேலை என்ன என்பதைப் பேசும் முன்பே இடத்தை மாற்றச் சொல்பவரை ஐயுறுங்கள். தள வடிகட்டிகளுக்குத் தப்ப, தொடர்பு எண்ணைப் படமாகவோ எழுத்துக்களை இடைவெளிவிட்டோ அனுப்புபவர் தாம் விதியை மீறுவதை அறிந்தே செய்கிறார்.

பணம் எத்திசையில் செல்கிறது? வேலை பெறுவதற்கு நீங்கள் ஒரு ரூபாயும் கட்டவேண்டியதில்லை. யு.பி.ஐ. வழியே பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. அதனைக் கேட்டால் பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது. ‘தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்’ என்றால் குறுஞ்செய்தியையோ திரைப்படத்தையோ நம்பாமல் வங்கிக் கணக்கையே திறந்து பாருங்கள். ‘உங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்குத் தாருங்கள்’ என்பது இன்னும் கொடியது. அங்கே நீங்கள் பிறரை ஏமாற்றிய பணத்தின் வாய்க்காலாக ஆக்கப்பட்டு, கணக்கு முடக்கப்பட்டு, காவல்நிலையம் ஏறவும் நேரும்.

யார் சொல்லி இவரை அறிகிறோம்? அவரே அனுப்பும் அடையாள அட்டைப் படமும் நிறுவனச் சின்னமும் சான்றாகா. தளத்தில் முன்பு அவரிடம் வேலை செய்தோரின் மதிப்புரை, பணம் செலுத்தும் வழி சரிபார்க்கப்பட்டதற்கான குறி, நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நீங்களே எழுதிப் பெறும் விடை ஆகியன இன்றைய ‘ஷா’க்கள்.

ஏன் இத்தனை அவசரம் அல்லது இரகசியம்? அத்தோடு வேலைக்கும் கூலிக்கும் உள்ள பொருத்தத்தையும் பாருங்கள். மென்பொருள் சில நிமிடங்களில் எழுத்தாக்கிவிடும் நூலைத் தட்டச்சு செய்யப் பெருந்தொகை தருவதாகச் சொன்னால், அங்கே விற்கப்படும் பொருள் தட்டச்சு அன்று. தரவு உள்ளீட்டு வேலை தந்து, முடிவில் ‘பிழை மிகுதி, ஒப்பந்த மீறல்’ என வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்றை அனுப்பி மிரட்டிப் பணம் பறிப்போரும் உண்டு. அத்தகைய தாளைக் கண்டு அஞ்சிப் பணம் கட்டாதீர்கள். விவரமறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கௌடில்யரின் விதிவிலக்குகளை இங்கே மீண்டும் நினைவுகூரலாம். தளத்துக்கு வெளியே நடப்பன அனைத்தும் மோசடி அல்ல. பதிப்பகத்தாரும் பல்கலைக்கழகத் திட்டங்களும் மின்னஞ்சலிலேயே வேலை தருகின்றனர். அதுவே அவர்கள் இயல்பான இடம். அங்கே எழுத்து வடிவ ஒப்பந்தமும் முன்பணமும் அறிந்தவர் சான்றும் தளத்தின் வேலையைச் செய்கின்றன. ஐயத்துக்குரியவர், தளத்தில் வந்து உங்களைக் கண்டெடுத்து, தளத்தின் கண்ணிலிருந்து உங்களை விலக்கிக்கொண்டு போக முயல்பவர்.

ஏமாந்தவரை நம் சமூகம் நடத்தும் விதம் பற்றியும் ஒரு சொல். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுதலுக்கான 420ஆம் பிரிவு, மக்கள் பேச்சில் ஏமாற்றுபவரின் பெயராகவே ஆனது. 2024 ஜூலை 1 முதல் அக்குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் உள்ளது. எண் மாறியும் ‘ஃபோர் ட்வென்ட்டி’ பேச்சில் நிலைத்திருக்கிறது. ஏமாற்றியவருக்கு இப்படிச் சிரிப்பூட்டும் பட்டம் கொடுத்த நாம், ஏமாந்தவருக்கு ‘முட்டாள்’ என்ற பட்டத்தையே கொடுக்கிறோம். அதனால் அவர் வாய்மூடிக்கொள்கிறார். அவர் மௌனம் அடுத்தவருக்கு வைக்கும் பொறியாகிறது.

பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவுசெய்யுங்கள். பரிமாற்ற எண், உரையாடலின் திரைப்பிடிப்பு, எதிராளியின் எண் ஆகியவற்றை அழிக்காதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் தடுத்துவைக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்திலேயே மிகுதி. வெட்கப்பட்டுக் கழிக்கும் ஓர் இரவு அவ்வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

பனாரசிதாசர் தாம் ஏமாந்ததை எழுதிவைத்தார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் அது நமக்குப் பயன்படுகிறது. நம் விடுதிகளிலும் துறைகளிலும் உள்ளோர் தமக்கு நேர்ந்ததை அடுத்த அறையில் உள்ளவரிடம் சொன்னாலே போதும். சந்தை நடுவில் நிற்பதன் பயன் அதுதான்.